லீ ஜே. காப்பை வெறும் "கத்துற ஆள்" ஆக்கிவிட்டோம்

அப்பாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனுக்குத் தீர்ப்பு சொல்ல, ஓர் அறையில் கூடும் 12 ஜூரர்களின் (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர்கள்) கதை, 1957-ல் வந்த '12 ஆங்ரி மென்' படம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஹென்றி ஃபோண்டாவைப் பாராட்டுகிறார்கள். மூன்றாம் ஜூரராக வரும் லீ ஜே. காப்புக்கு "அந்தக் கத்துற ஆள்" என்ற ஒரு வரியோடு சரி. இது நியாயமே இல்லை. ஃபோண்டாவின் பாத்திரம் எந்த நிதானத்தோடு அறைக்குள் வருகிறதோ அதே நிதானத்தோடு வெளியே போகிறது. மனம் முழுக்க மாறி, உடைந்து, குற்றவாளிதான் என்று தான் பிடித்து வைத்திருந்ததை விட்டுக்கொடுக்க வேண்டியவர் காப்தான். படத்தின் பாரம் அவர் முதுகில் இருக்கிறது.

அடுத்த முறை பார்க்கும்போது அவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஆரம்பத்தில் அவர் கத்துவதில்லை. தனக்குச் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது, உண்மைகளை மட்டும்தான் பேசுகிறேன் என்கிறார். நியாயஸ்தன் தோரணை. பிறகு மகனைப் பற்றிய பேச்சு வருகிறது. 9 வயதில் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த பையன், 16 வயதில் அப்பாவின் தாடையில் குத்தியவன். இப்போது 22 வயது, பார்த்து இரண்டு வருடமாகிறது. காப் இதைப் பெரிதாக நிறுத்திச் சொல்வதில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று திரும்பிவிடுகிறார். இங்கேயே கண் கலங்கியிருந்தால் கடைசியில் மகனோடு எடுத்த புகைப்படத்தைக் கிழிக்கும் இடத்துக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதைப் பொத்தி வைத்திருந்ததால்தான், கிழித்துவிட்டுத் தான் செய்ததைத் தானே பார்க்கும் அந்த நொடி நம் வயிற்றைப் பிசைகிறது.

இதைச் செய்தது எப்படிப்பட்ட சூழலில் என்பதையும் சொல்ல வேண்டும். இயக்குநர் சிட்னி லூமெட் இரண்டு வாரம் ஒத்திகை வைத்தார். படப்பிடிப்பு மூன்று வாரத்துக்குள் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் விளக்குகளை மாற்றி அமைத்தால் பணமும் நேரமும் போய்விடும். அதனால் ஒரு பக்கத்துக்கு விளக்கு வைத்தால், அந்தப் பக்கம் பார்க்கும் ஷாட்டுகளையெல்லாம், கதையில் எங்கே வந்தாலும் சரி, ஒன்றாக எடுத்தார்கள். காப்பும் ஃபோண்டாவும் மோதிக்கொள்ளும் இடத்தில் ஒருவர் முகத்தை ஒரு நாளும் எதிராளி முகத்தைப் பல நாள் கழித்தும் எடுக்கும்படி ஆனது. கோபத்தின் எந்தப் படியில் நிற்கிறோம் என்று நடிகருக்கே தெரியாவிட்டால், வெட்டி ஒட்டும்போது ஒரு ஷாட்டில் கொதிப்பும் அடுத்த ஷாட்டில் வெதுவெதுப்புமாக வரும். காப்பிடம் அந்தப் பிசிறு இல்லை. நாடக மேடையில் இரவுக்கு இரவு அதே ஏணியைக் கீழிருந்து ஏறிப் பழகியவர், ஏழாவது படியில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாலும் தடுமாறவில்லை.

அந்த மேடைப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1911-ல் நியூயார்க்கில் லியோ ஜேகபி என்ற பெயரில் பிறந்தவர். 1935-ல் குரூப் தியேட்டர் என்ற நியூயார்க் நாடகக் குழுவில் சேர்ந்தார். சிறு வயதிலேயே கிழவர் வேடங்கள்தான் அவரைத் தேடி வந்தன. 1939-ல் வந்த 'கோல்டன் பாய்' படத்தில் 21 வயது வில்லியம் ஹோல்டனுக்கு அப்பா. அப்போது காப்புக்கு வயது 27! இளைஞர்கள் கிழவராக நடிக்கும்போது வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்பது தெரிந்ததுதான். முதுகை வளைப்பார்கள், கையை நடுங்க வைப்பார்கள், குரலை மெலியவிடுவார்கள். காப்பின் வழி வேறு, உடம்பின் கனம். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி அவரைத் தாங்குவது நமக்குத் தெரியும். தடித்த குரலை மெலிய விடாமல், அதன் அடியில் மூச்சை மட்டும் கனக்க வைப்பார்.

அதன் உச்சம் 1949 பிப்ரவரி 10, மொராஸ்கோ தியேட்டர். ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', இயக்கம் எலியா கஸான். நாடகத்தின் நாயகன், விற்பனைப் பிரதிநிதி வில்லி லோமனுக்கு 63 வயது, காப்புக்கு 37. மில்லர் மனதில் வைத்து எழுதியது ஒரு சின்ன உருவத்தை. முதுகுக்குப் பின்னால் எவனோ தன்னை 'ஷ்ரிம்ப்', அதாவது இறால் என்று கேலி செய்ததாக வில்லி மனைவியிடம் சொல்வான். ஆஜானுபாகுவான காப் வந்ததும் அந்தச் சொல் ஒட்டவில்லை. மில்லர் அதை 'வால்ரஸ்' என்று மாற்றினார். 1984-ல் டஸ்டின் ஹாஃப்மேன் நடித்தபோதுதான் 'ஷ்ரிம்ப்' திரும்பி வந்தது. இன்றும் அச்சுப் பிரதியில் 'வால்ரஸ்' என்று படிக்கிறவர்கள் காப்பின் உடம்பைத்தான் படிக்கிறார்கள்.

ஜோ மில்சைனர் அமைத்த அரங்கில் வீட்டுக்குச் சுவர் இல்லை, கூரைக்குக் கோடுகள் மட்டும். நிகழ்காலக் காட்சி என்றால் நடிகர்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும், இறந்தகாலம் என்றால் இல்லாத சுவரைக் கடந்தே முன்மேடைக்கு வந்துவிடலாம். மகன்களுக்கு மாடியில் படுத்த இடத்திலிருந்து யாரும் பார்க்காமல் கீழே இறங்க, கட்டிலுக்குள்ளேயே லிஃப்ட் பொருத்தியிருந்தார். உடை மாற்றிக்கொண்டு சிறுவர்களாக வந்துவிடுவார்கள். வில்லிக்கு அந்த வசதி கிடையாது. பார்வையாளர் கண் முன்னால், நாலு எட்டு நடப்பதற்குள் பதினைந்து வயதுக்கு மேல் குறைய வேண்டும், பிறகு திரும்பக் கிழவனாக வேண்டும். மேடையை விட்டு அதிகம் விலகவும் முடியாத வேடம். வாரத்துக்கு 8 காட்சிகள். நாடகம் மொத்தம் 742 காட்சிகள் ஓடியது. காப் அதே வருடம் விலகிவிட்டார், ஜீன் லாக்ஹார்ட் வந்தார். இதை அவருடைய பலவீனம் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பிரதியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

1951-ல் படமாக எடுத்தபோது வில்லியாக நடித்தவர் ஃப்ரெட்ரிக் மார்ச். காப்பின் 1949 நடிப்புக்கு முழுநீளப் படச்சுருள் இல்லை. பெரிய இழப்பு.

பிறகு வந்தது கறுப்புப் பட்டியல் காலம், கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்ட கலைஞர்களுக்கு வேலை கொடுக்காத காலம். அதைச் சொல்லாமல் காப்பைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. இரண்டு வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழுவுக்கு வளைந்து கொடுக்காமல் இருந்தார். வேலை நின்றது, பணம் கரைந்தது, மனைவி மருத்துவமனையில். 1953 ஜூனில் சாட்சி சொல்லி, கம்யூனிஸ்டுகள் என்று 20 பேரின் பெயர்களைக் கொடுத்தார். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 20 பேருக்கும் வீடும் வாடகையும் இருந்தன. நல்ல நடிப்பு அந்தத் தவறைக் கழுவாது, அந்தத் தவறை வைத்து நடிப்பு மோசம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வருடமே 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்'. பெயர் கொடுத்த கஸான் இயக்கம், பெயர் கொடுத்த பட் ஷுல்பெர்க் எழுத்து, யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லப்படுகிறதோ அந்தத் துறைமுகத் தாதா ஜானி ஃபிரெண்ட்லியாக காப். துணை நடிகருக்கான ஆஸ்கர் பட்டியலில் அந்த ஒரே படத்திலிருந்து காப், கார்ல் மால்டன், ராட் ஸ்டைகர் என மூன்று பேர். வாக்கு சிதறியிருக்கும் என்பது என் ஊகம். பரிசு எட்மண்ட் ஓ'பிரையனுக்குப் போனது.

1955-ல் கடுமையான மாரடைப்பு. மருத்துவச் செலவை ஏற்றவர் ஃபிராங்க் சினாட்ரா. அதற்குப் பிறகு எடுத்ததுதான் '12 ஆங்ரி மென்', அந்தக் கத்தலைக் கேட்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். 1962 முதல் 66 வரை 'தி வர்ஜீனியன்' தொடரில் நீதிபதி கார்த். அதில் அவருக்குப் பெரிதாகத் தீனி இல்லை. 1968-ல் லிங்கன் சென்டரில் கிங் லியர், 1973-ல் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் துப்பறிவாளர். 1976-ல் இறந்தார்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் 1966 மே மாதம் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' தொலைக்காட்சி வடிவத்தைத் தேடிப் பாருங்கள். சுருக்கிய பிரதிதான். காப்புக்கு அப்போது 54 வயது, மனைவியாக 1949 மேடையில் நடித்த அதே மில்ட்ரெட் டன்னக். அதில் முதலாளி ஹோவர்டின் அறைக் காட்சிக்கு வந்ததும் வேறு வேலையை ஒதுக்கி வையுங்கள். ஊர் ஊராக அலைய முடியாமல் உள்ளூரிலேயே வேலை கேட்டு வரும் வில்லி, முதலில் வாரம் 65 டாலர் சம்பளம் கேட்கிறான். பிறகு 50 போதும் என்கிறான். நடுவில் 84 வயதிலும் ஹோட்டல் அறையில் உட்கார்ந்தபடி தொலைபேசியிலேயே வியாபாரம் செய்த ஒரு கிழவரின் கதையைச் சொல்கிறான். கடைசியில் 40. இந்த மூன்று எண்களில்தான் பல நடிகர்கள் விழுகிறார்கள். 65-லேயே கெஞ்சத் தொடங்கிவிட்டால் 40-க்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. 65 வியாபாரிக்கு வியாபாரி பேசும் பேரமாக இருக்க வேண்டும், 50-ல் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சுருங்க வேண்டும். 34 வருட உழைப்பைச் சொல்லி, பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதா என்று அவன் வெடிப்பது அதற்கெல்லாம் பிறகுதான். அப்புறம் அறையில் தனியாக நிற்கிறான். கை பட்டு, ஹோவர்டின் புது ஒலிப்பதிவு இயந்திரம் தானே பேச ஆரம்பிக்கிறது. ஒரு சிறுவன் ஒவ்வொரு மாநிலத் தலைநகரமாக ஒப்பிக்கிறான். அத்தனை பெரிய மனிதர், அதை நிறுத்தத் தெரியாமல் ஹோவர்டைக் கூப்பிட்டு அலறுகிறார்.