திறந்த வெர்மூத் கெடவே கெடாதா?

“வெர்மூத்தும் காம்பாரி மாதிரிதான், திறந்த பாட்டிலை வருடக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம்” என்று ஒரு தகவல் பரவுகிறது. தவறு.

காம்பாரி என்ற இத்தாலியக் கசப்பு மதுவில் ஆல்கஹாலும் சர்க்கரையும் அதிகம், அது தாங்கும். வெர்மூத்தோ மூலிகைகள் ஊறிய திராட்சை ஒயின். 1786-இல் டூரின் நகரில் அந்தோனியோ பெனெதெத்தோ கார்பானோ விற்கத் தொடங்கியதும் இப்படிப்பட்ட பானம்தான். ஸ்பிரிட் சேர்ப்பதால் ஆல்கஹால் பெரும்பாலும் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். நீண்ட காலம் காக்க அது போதாது. காற்றுப் பட்டால் மூலிகை மணம் மங்கும், சுவை சப்பென்றாகும்.

நெக்ரோனி என்ற காக்டெய்லில் ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் தலா 30 மில்லி. மூன்றில் ஒரு பங்கு பாழானால் நல்ல ஜின் வாங்கி என்ன பயன்? அமெரிக்கானோ காக்டெய்லில் நிலைமை இன்னும் மோசம், அங்கே பாதியே வெர்மூத். மீதி காம்பாரி, மேலே சோடா.

திறந்ததும் இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓரிரு மாதங்களில் தீர்த்துவிடுங்கள். எப்போதாவது கலக்குபவர்கள் தயவுசெய்து சின்ன பாட்டிலாகவே வாங்குங்கள்.