ஒருநாள் சாம்பிளுக்குப் பெயர் கண்காணிப்பா?

அந்த ஒரு பக்க அறிக்கையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பழைய ஆலை வளாகத்து நிலத்தடி நீர் 'பாதுகாப்பானது' என்று கொட்டை எழுத்தில் போட்டு, நேற்று முழுக்க குரூப் குரூப்பாகச் சுற்றியது. என்னையும் டேக் செய்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று ஒரு சிரிப்பு எமோஜி வேறு. சொல்கிறேன்.

ஒரு கிணறு, ஒரு நாள், அதுவும் மழையே இல்லாத காலத்தில். இது கண்காணிப்பு இல்லை.

ஆலையை மூடியாயிற்றே, இன்னும் என்ன என்கிறார்கள். கேட்டில் தொங்கும் பூட்டைப் பார்த்து மண்ணில் ஊறிய குரோமியமும் பாதரசமும் நின்றுவிடுமா? ராணிப்பேட்டை குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்டது. அங்கே குவித்த கழிவைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். போபாலில் 1984 விஷவாயு விபத்துக்குப் பிறகு கிடந்த கழிவில் 337 டன்னை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகவே 2025 ஜனவரி ஆனது. அது கண்ணுக்குத் தெரிந்த கழிவு. மண்ணுக்குள் இறங்கியதை எந்த லாரியில் ஏற்றுவார்கள்?

'மழைநீர் வடிகாலிலும் ஒன்றும் இல்லை' என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. மழை பெய்யாத நாளில் வடிகாலில் எடுத்தது எப்படி ஐயா மழைநீர் ஆகும்? காய்ந்த நாட்களில் தரையில் படிந்ததை முதல் மழைதான் அடித்துக்கொண்டு வரும். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மழைநீர் வெளியேறத் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் சாம்பிள் எடுக்கச் சொல்கிறது. அபாயகரக் கழிவுக் கிடங்குகளுக்கான அந்த நாட்டு விதியில், நிலத்தடி நீர் கிடங்கை நோக்கி வரும் பக்கம் குறைந்தது ஒரு கிணறு, கிடங்கைத் தாண்டிப் போகும் பக்கம் குறைந்தது மூன்று கிணறு வேண்டும். இங்கே ஒன்றே ஒன்று. அது எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்றுகூட இல்லை.

ஈயம், குரோமியம் எல்லாவற்றுக்கும் நேரே 'பி.டி.எல்' என்று போட்டிருக்கிறார்கள். கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று பொருள். சரி, அந்த வரம்பு எவ்வளவு? குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுத் தரம். கருவியால் 0.1க்குக் கீழே பார்க்கவே முடியாது என்றால், அந்த பி.டி.எல்லை வைத்து என்ன செய்வது?

கொஞ்சம் சொந்தக் கதை. படித்து முடித்த புதிதில் ஒரு லேபுக்காகச் சாம்பிள் எடுக்கும் வேலை பார்த்தேன். கிணற்றில் பம்பை இறக்கிய உடனே பாட்டிலை நீட்டினால் அங்கிருந்த சீனியர் அண்ணன் கையைத் தட்டிவிடுவார். குழாய்க்குள் தேங்கிக் கிடந்ததை வெளியேற்று, நிலத்திலிருந்து புதிதாக வருவதைப் பிடி என்பார். பி.எச் அளவும் மின்கடத்துத்திறனும் ஆடாமல் நிற்கும்வரை பம்ப் ஓடும். அப்புறம் ஐஸ் பெட்டி, பாட்டில் கைமாறும்போதெல்லாம் கையெழுத்து. சலிப்பான வேலை, சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் அந்த மனிதர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த அறிக்கையின் போட்டோவில் இருப்பது ஒரு வாளி. நன்றாகப் பாருங்கள், வாளி.

"நீ என்ன விஞ்ஞானியா?" இல்லை. வாளியைப் பார்த்தால் வாளி என்று சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை.

"செலவை யார் கொடுப்பது?" நியாயமான கேள்விதான். மாசுபடுத்தியவர் கொடுக்கட்டும்.

"மனை விலை விழுந்துவிடும், பீதி கிளப்பாதே." இதுதான் உண்மையான கோபம், தெரியும். கடன் வாங்கி மனை வாங்கியவர்களின் பயம் எனக்குப் புரியாதா? ஆனால் அதே மனையில்தானே நாளைக்கு போர் போடுவீர்கள், பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைத்தானே கொடுப்பீர்கள்? இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச நடந்த கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது என்று கேட்டார். "மஞ்சள் உடம்புக்கு நல்லதுதானே" என்று மேடையில் ஒருவர் சொல்ல, மொத்த அரங்கும் சிரித்தது. குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் கலந்தாலும் தண்ணீர் மஞ்சளாகும் என்று அங்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அறிக்கையைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை. அவர் வீட்டுத் தண்ணீரை இதுவரை யாரும் சோதிக்கவில்லை.

என்னை டேக் செய்த நண்பருக்கு: லேப் கொடுத்த முழுத் தாளையும் போடுங்கள். கிணற்றின் ஆழம், சாம்பிள் எடுத்த தேதி, கருவியின் வரம்பு எல்லாவற்றோடும். அடுத்த மழையில் வடிகால் ஓடத் தொடங்கியதும் அங்கே வாருங்கள். பாட்டில் நான் கொண்டுவருகிறேன். எமோஜியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.