மனை விலையைக் கீரைக்கட்டின் மேல் ஏற்றாதீர்கள்

நாங்கள் கீரை போட்டிருந்த நம் தெருக் காலி மனையில் செவ்வாய்க்கிழமை ஜேசிபி இறங்கிய படத்தைப் போட்டிருந்தேன் இல்லையா, அதற்குக் கீழே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் சதுர அடி என்ன விலை, அந்தப் பணத்துக்கு வங்கியில் என்ன வட்டி, அப்படியானால் ஒரு கட்டுக் கீரை எத்தனை ரூபாய் அடக்கம் என்று. இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

ஐயா, மனை விலையைக் கீரை மேல் ஏற்றாதீர்கள். அந்த இடம் ஒன்பது வருடம் முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது, அப்போது அந்த வட்டியை யார் கொடுத்தார்கள்? நானும் எதிர்வீட்டு அக்காவும் மனைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பாத்தி கட்டினோம். 30க்கு 40, இரண்டேமுக்கால் சென்ட். விதை, சாணி எரு, மோட்டார் கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு போகத்துக்கு 600 ரூபாய்க்குள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம், அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். 140 கட்டு, கட்டு 15 ரூபாய். மனை விலையோ கீரை இருந்தாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

உங்கள் கூலியைச் சேர்த்தீர்களா என்பீர்கள். சேர்க்கவில்லை, சேர்த்தால் கையில் ஒன்றும் நிற்காது, சரி. மாடியில் பையில் வைத்த தக்காளியும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை, வெயிலில் இரண்டு வருடத்தில் பை கிழிந்துவிடுகிறது. அதனால்தான் கீரை என்கிறேன். வெங்காயம் எத்தனை நாள் லாரியில் வந்தாலும் வெங்காயம்தான், கீரை மத்தியானத்துக்குள் வாடிவிடும், அது பக்கத்தில்தான் விளைய வேண்டும்.

ஊருக்குள் விவசாயம் உலகத்தில் எங்காவது நடக்குமா என்று இன்னொருவர். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்து, அங்கிருந்து கியூபாவுக்கு வந்த பெட்ரோலிய எண்ணெய் குறைந்தபோது, ஹவானா நகரத்துக் காலி மனைகளில்தான் பாத்தி கட்டினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தது, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை, அப்புறம் தென்பெண்ணை வெள்ளம். மனையில் இருந்த கீரை எல்லாம் அழுகிப்போனது. மாடியில் இருந்த கொடிப்பசலையை ஐந்து வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். அன்றைக்கு யாரும் அடக்க விலை கேட்கவில்லை.

என் அம்மா பாகூர்ப் பக்கத்துக்காரர். அவர் கத்தரி நட்ட கொல்லையில் இப்போது எண் போட்ட கல் நிற்கிறது, பாதி மனையில் இன்னும் வீடு வரவில்லை. விளைந்த நிலத்தை மனையாக்கினீர்கள், சும்மா கிடக்கும் மனையில் விளைவித்தால் நஷ்டம் என்கிறீர்கள், அப்படியானால் எங்கேதான் விளைவிப்பது?

இடம் மனைக்காரருடையது, நான் அதில் பங்கு கேட்கவில்லை. விதைத்து இருபது நாள் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லி ஒரு வாரம் பொறுத்திருந்தால் பிடுங்கிக் கட்டி வைத்திருப்போம். அக்கா இன்னும் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை.