'வணக்கத்துக்குரிய தலைவர்' யாரையும் கும்பிடச் சொல்லவில்லை

"ஃப்ரீமேசன்கள் தங்கள் தலைவனையே கடவுளாக வழிபடுகிறார்கள், அவன் பட்டமே வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஃப்ரீமேசன்கள் என்றால் சடங்குகளோடு கூடும் ஒரு பழைய சகோதரத்துவச் சங்கத்தினர். பட்டம் உண்மை. அர்த்தம்தான் தப்பு.

பழைய ஆங்கிலத்தில் 'வொர்ஷிப்' என்றால் மதிப்பு, மரியாதை. 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்து திருச்சபை ஜெபப் புத்தகத்தில், மோதிரம் போடும் மாப்பிள்ளை மணப்பெண்ணிடம் "என் உடலால் உன்னை வொர்ஷிப் செய்கிறேன்" என்கிறார். பாதிரியார் முன்னாலேயே! லண்டனில் ரொட்டி சுடுவோர் சங்கமும் செருப்புத் தைப்போர் சங்கமும் இன்றும் பெயருக்கு முன்னால் 'வொர்ஷிப்ஃபுல்' போட்டுக்கொள்கின்றன. அங்கே யாரும் ரொட்டிக்குச் சூடம் காட்டுவதில்லை. நம் ஊர் 'மாண்புமிகு' மாதிரிதான் இதுவும்.

லாட்ஜ் என்பது அவர்களது உள்ளூர்க் கிளை. அதன் தலைவர் பொதுவாக ஓராண்டுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவர். அப்புறம் வேறொருவர் வருவார். அங்குள்ள கிளைகளின் தலைமை அமைப்பான இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜில் சேர, மேலான ஒரு சக்தியை நம்ப வேண்டும். கூட்டத்தில் மத விவாதம் கூடாது.

சடங்குகளை மூடி வைத்தே நடத்தியதால் சந்தேகத்துக்கு அவர்களும் ஒரு காரணம்தான், அது வேறு விஷயம். சரிபார்க்க ஒரு நல்ல ஆங்கில அகராதி போதும். லண்டன் கிரேட் குயின் தெருவில் அவர்களது அருங்காட்சியகமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.