"சண்டையிலேயே செத்த சனம், கொரோனாச் சாவு என்ன பெரிசு?"

இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் கல்யாணவீட்டிலும் கேட்டிருக்கிறேன், கோயில் வீதியிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் சொந்தப் பிள்ளையின் உடலைக்கூட எடுக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த ஒரு வசனம் எத்தனையோ வீடுகளில் அழுகையை வாயோடு அடைத்துவிட்டது. எனக்கு இதில் கோபமே இருக்கிறது.

கொக்குவிலில் இருக்கும் என் மாமியைச் சொல்கிறேன். 2021 ஓகஸ்ட் கடைசியில், டெல்டா அலை உச்சத்தில் நின்று நாடே முடங்கிக் கிடந்தபோது மாமா கொரோனாவில் செத்துப் போனவர். அம்புலன்சில் ஏற்றிய பிறகு மாமி அவரைப் பார்க்கவே இல்லை. சீல் வைத்த பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குப் போனது. மகன் மட்டும் தூரத்தில் நின்றான். வீடு தனிமைப்படுத்தலில். மகள்மார் இருவரும் கனடாவில் போனைப் பிடித்தபடி கதறினார்கள். அயல் சனம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போனது.

"அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது அவர்தானோ, தம்பி?" என்று மாமி இன்றைக்கும் கேட்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையில் மாமாவின் மூக்குக்கண்ணாடியும் போனது, திரும்பி வரவில்லை. "கண்ணாடி இல்லாமல் அவரால பேப்பர் வாசிக்க ஏலாதே" என்கிறார். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் வீதியால் போகவே மாட்டார், எவ்வளவு சுற்றென்றாலும் வேறு பாதைதான்.

இதற்கு மருத்துவத்தில் இப்போது தனி இடம் உண்டு. நீடித்த துயரக் கோளாறு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது இதுவும் அதில் இருந்தது. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தணியாமல், இறந்ததை மனம் ஏற்காமல், அன்றாட வாழ்க்கை முடங்கிப்போய்க் கிடந்தால் கவனிக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறது. எங்கள் ஆண்டுத் திவசமும் அங்கேதான் வருகிறது. அந்தந்தச் சமூகத்தின் வழமையை மீறிய துயரமா என்று பார்க்க வேண்டும் என்பதையும் இரண்டுமே சொல்கின்றன.

அப்படியானால் எங்கள் வழமை என்ன? செத்தவீட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரேதம் வீட்டில் கிடக்கும். தொட்டு, முகம் தடவி, வாய்க்கரிசி போட்டு, சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்புகிறோம். செத்தது அவர்தான் என்பதைக் கையும் கண்ணும் அறிந்துகொள்கின்றன. வருகிற ஒவ்வொருவரும் "என்ன நடந்தது?" என்று கேட்க, வீட்டுக்காரி அந்தக் கடைசி இரவை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்வாள். சிறுவயதில் எனக்கு இது கொடுமையாகத் தெரிந்தது. ஒப்பாரியில் இறந்தவரையே கூப்பிட்டு, "என்னை இப்பிடி விட்டிட்டுப் போனியளே" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அப்புறம் எட்டுச் செலவுச் சடங்கில் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது, 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை.

இந்தக் கோளாறுக்கென்றே உருவாக்கிய சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இறப்புச் செய்தி வந்த நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். இறந்தவரோடு கற்பனையில் பேச வைக்கிறார்கள். பயந்து ஒதுக்கிய இடங்களுக்கு மெல்ல மெல்லப் போக வைக்கிறார்கள். எங்கள் சனம் படலைக்குள் வந்திருந்து செய்ததில் பாதி இதுதான். மாமிக்கு அந்தப் பாதியும் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் இங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சடங்குகள் துயரத்தை ஆற்றுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

"நாங்கள் எரிக்கிற ஆக்கள்தானே, எங்களுக்கு என்ன?" என்றும் சிலர் கேட்டார்கள். எரிப்பதல்ல எங்களுக்குப் பறிபோனது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த எல்லாம். முஸ்லிம் சனத்துக்கோ, கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற அரசாங்க விதியால், அடக்கம் செய்யும் உரிமையே 2021 பெப்ரவரி வரை இல்லை. பிறகு அனுமதி வந்தும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கட்டாயமாக எரித்ததற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024இல். பிள்ளையின் உடல் எரிவதை வெளியே நின்று பார்த்த தாய்க்கு அந்த மன்னிப்பு எந்த மூலைக்கு?

போரைப் பார்த்த சனம் என்றால் இது எங்களுக்குத்தான் முதலில் விளங்கியிருக்க வேண்டும். உடலைக் காணாத துயரம் எப்படி வருசக்கணக்கில் தீராமல் நிற்கும் என்று, 2017இலிருந்து வீதியோரம் உட்கார்ந்திருக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் நாங்கள் கண்முன்னே பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு நடந்ததும் மாமிக்கு நடந்ததும் ஒன்றல்ல, நான் சமப்படுத்தவில்லை. ஆனால் ஒரு துயரத்தைக் காட்டி இன்னொரு துயரத்தை அடக்குவது இரண்டுக்குமே அநியாயம்.

ஒன்றும் பிந்திவிடவில்லை. அன்றைக்கு ஆளில்லாமல் நடந்த வீடுகளில் அடுத்த திவசத்தை ஊரைக் கூப்பிட்டே செய்யலாம். துயரப்படுகிற எல்லாருக்கும் நோய் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் மெல்ல மெல்ல மீண்டுவிடுவார்கள். ஆனால் சாப்பாடு, நித்திரை, வேலை எல்லாம் கெட்டுக் கிடந்தால் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசர் என்று ஊர் சொல்லும் என்று பயப்படாதீர்கள். போகத் தயங்கினால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுத்துக் கதைக்கலாம்.

டெல்டாவில் போனவர்களில் நிறையப் பேரின் திதி நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டித்தான் வரும். லண்டன், கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிற சொந்தங்கள் அந்த வீடுகளுக்கும் ஒருக்கால் போய் வாருங்கள். "இன்னுமா அழுகிறியள்" என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள், அவர்கள் சொல்லி முடியும்வரை எழும்பாதீர்கள்.