செராத்தியை சோடா ஸ்டீரியோவுக்குள் அடைத்து வைக்காதீர்கள்

அர்ஜென்டினாவின் ராக் பாடகரும் கிட்டார் கலைஞருமான குஸ்தாவோ செராத்தி இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்பானிய மொழி ராக் கேட்பவர்களிடம் அவர் பெயரை எடுத்தால் போதும், பேச்சு நேராக அவருடைய ராக் குழுவான சோடா ஸ்டீரியோவுக்குப் போய்விடும். ஸ்டேடியங்கள், எண்பதுகளின் முடி அலங்காரம், லட்சக்கணக்கான ரசிகர்கள் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் குழுவை நானும் நேசிக்கிறேன். ஆனால் அவருடைய ஆகச் சிறந்த இசை, குழு கலைந்த பிறகு அவர் தனியாகச் செய்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் குழுவுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1982 ஏப்ரலில் அர்ஜென்டினாவின் ராணுவ அரசு மால்வினாஸ் தீவுகளுக்காக பிரிட்டனோடு போருக்குப் போனது. நாம் ஃபாக்லாந்து என்று படித்த அதே தீவுகள். ஆங்கிலப் பாட்டுகளை வானொலியில் போடக் கூடாது என்று ஆனது. காலியான நேரத்தை நிரப்ப, அதுவரை அந்த ஆட்சி சந்தேகக் கண்ணோடு பார்த்துவந்த உள்ளூர் ராக் பாடகர்களையே நிலையங்கள் தேடிப்போக வேண்டியிருந்தது. தாய்மொழி ராக்குக்கு அப்படியொரு பெரிய கதவு திறந்தது. அந்த ஆண்டில்தான் ப்யூனஸ் அயர்ஸில் விளம்பரத்துறை படித்துக்கொண்டிருந்த செராத்தி, உடன் படித்த ஸேட்டா போஸியோவோடும் டிரம்ஸ் வாசிக்கும் சார்லி அல்பெர்த்தியோடும் சேர்ந்து சோடா ஸ்டீரியோவைத் தொடங்கினார். 1983 டிசம்பரில் ஜனநாயகம் திரும்பியது. 1984ல் முதல் ஆல்பம் வந்தது.

ஆரம்பத்தில் அவர்கள் 'தி போலீஸ்' என்ற பிரிட்டிஷ் குழுவின் சாயலில்தான் வாசித்தார்கள். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அடுத்தடுத்த ஆல்பங்களில் அந்தச் சாயல் உதிர்ந்துகொண்டே வந்தது. 1987ல் சிலியின் வினா தெல் மார் இசை விழாவில் கூட்டம் வெறிகொண்டு கத்தியது. பெரு, கொலம்பியா, மெக்சிகோ என்று கண்டம் முழுக்கச் சுற்றினார்கள். ஒரு அர்ஜென்டினக் குழுவின் பாட்டு லிமாவிலும் பொகோட்டாவிலும் தங்கள் சொந்தப் பாட்டாக ஒலித்ததில் இவர்களுடைய பங்கு மிகப் பெரியது. 1990ல் 'கான்சியோன் அனிமல்' ஆல்பம். 1991 டிசம்பர் 14 அன்று ப்யூனஸ் அயர்ஸின் 9 தே ஹூலியோ சாலையில் இலவச நிகழ்ச்சி. இரண்டரை லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு செராத்தியை ரொம்பப் பிடித்துப்போகிறது. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் அதே பாட்டை இன்னும் இரண்டு முறை எழுதியிருப்பார்கள். 1992ல் இவர்கள் வெளியிட்ட 'டைனமோ'வில் கிட்டார் இரைச்சல் சுவர்போல எழுந்து நிற்கிறது. குரல் அதற்குள் புதைந்து கிடக்கிறது. கூடவே பாட முடிந்த பல்லவிகளை எதிர்பார்த்தவர்கள் விலகிப்போனார்கள், விற்பனையும் சரிந்தது. அந்த ஆல்பத்துக்காக நடந்த நிகழ்ச்சிகளில் பாபாசோனிகோஸ் போன்ற இளம் குழுக்களை முதலில் மேடையேற்றினார்கள். பாபாசோனிகோஸ் பின்னாளில் எவ்வளவு பெரிய குழுவானது என்பது தெரிந்தவர்களுக்கு, செராத்தியின் காது எப்படிப்பட்டது என்று புரியும். இன்றைக்கு டைனமோவைக் கேட்டால் அதில் தூசியே படியவில்லை.

அதே 1992ன் தொடக்கத்தில் செராத்தியின் அப்பா புற்றுநோயால் இறந்தார். நோய் தெரியவந்த நாட்களில், பெற்றோரோடு தேநீர் மேசையில் உட்கார்ந்திருந்ததை வைத்து அவர் எழுதிய சின்னப் பாட்டு ஒன்று 1990 ஆல்பத்தில் இருக்கிறது. 'தே பாரா த்ரெஸ்' என்று பெயர். அழுகை, அலறல் எதுவும் கிடையாது. மூன்று பேரும் ஒரு மேசையும்தான். பின்னாளைய தனிப் பாடகர் எப்படி எழுதப்போகிறார் என்பதற்கு அந்தப் பாட்டே முன்னறிவிப்பு என்று நினைக்கிறேன். 1993ல் வந்த முதல் தனி ஆல்பம் 'அமோர் அமரியோ' அந்த அடங்கிய குரலில்தான் இருக்கிறது. முதல் குழந்தை பிறக்கவிருந்த நேரம் அது. சிலியைச் சேர்ந்த அவர் மனைவி செசிலியா அமெனாபாரும் அதில் பாடியிருக்கிறார்.

1997 செப்டம்பர் 20 அன்று ப்யூனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் ஸ்டேடியத்தில் சோடா ஸ்டீரியோவின் கடைசி நிகழ்ச்சி. "கிராசியாஸ் தொதாலேஸ்", முழுமையான நன்றிகள், என்று சொல்லி முடித்தார். அந்த இரண்டு சொற்கள் டீ சட்டைகளிலும் சுவர்களிலும் இன்றுவரை இருக்கின்றன. பலருக்கு செராத்தியின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. வருத்தம் அதுதான்.

ஏனென்றால் 1999ல் 'போகனாடா' வந்தது. வீட்டில் அமைத்த ஸ்டுடியோவில், ஒலித் துணுக்குகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவியை வைத்துக்கொண்டு, பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை வெட்டி ஒட்டிச் செய்த ஆல்பம். ஒரு தலைமுறைக்கே கிட்டார் ஆசையை ஊட்டியவர் கிட்டாரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் மாணவர்போல இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். அதில் குரல் எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது என்று கவனியுங்கள். ஸ்டேடியத்தை நோக்கிப் பாடியவர் இதில் காதருகே பாடுகிறார். லத்தீன் அமெரிக்க ராக் ஆல்பம் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அதற்குப் பிறகு சிம்பொனி இசைக்குழுவோடு ஒரு மேடைப் பதிவு, எலக்ட்ரானிக் முயற்சிகள், ஒரு படத்துக்கு இசை. 2002ன் 'சியெம்ப்ரே எஸ் ஓய்' எனக்கு நீளம் அதிகமாகப் பட்டது. பாதியாக வெட்டியிருந்தால் அருமையான ஆல்பம். 2005ல் ஷகீராவின் 'ஃபிஹாசியோன் ஓரால்' ஆல்பத்தில் அவரோடு வேலை செய்தார். ஷகீராவைக் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் பலர் செராத்தியின் கிட்டாரை அங்கே தெரியாமலேயே கேட்டிருப்பார்கள். 2006ல் 'ஆயி வாமோஸ்': கிட்டார் முழு வேகத்தோடு திரும்பி வந்தது. அப்புறம் 2009ல், ஐம்பது வயதில், 'ஃபுவெர்சா நாத்துரால்'. பயணம், காடு, நாட்டுப்புறச் சாயல், பன்னிரண்டு தந்திக் கிட்டார் எல்லாம் கலந்த, வெயில் பட்ட ஓர் ஆல்பம். ஓய்ந்துபோன மனிதர் செய்யக்கூடிய வேலையே அல்ல.

நடுவில், 2007ல், சோடா ஸ்டீரியோ மறுபடி கூடியது. ரிவர் பிளேட்டில் மட்டும் ஆறு நிகழ்ச்சிகள், சுற்றுப்பயணம் முழுவதிலுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். விரும்பியிருந்தால் அந்த ஒரு வியாபாரத்தையே வாழ்நாள் முழுக்க ஓட்டியிருக்கலாம். ஆனால் சுற்றுப்பயணம் முடிந்ததும் குழு கலைந்தது, அவர் புதிய பாட்டுகளுக்குத் திரும்பினார். தன் கடந்த காலத்தை அவர் எந்த அளவுக்கு வைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

2009 டிசம்பரில், அர்ஜென்டின ராக்கின் மூத்தவர்களில் ஒருவரான லூயிஸ் அல்பெர்த்தோ ஸ்பினெத்தா தன் பழைய குழுக்களையெல்லாம் திரட்டி வெலெஸ் ஸ்டேடியத்தில் நடத்திய நிகழ்ச்சியில் செராத்தி விருந்தினராகப் பாடினார். அந்தத் தேநீர்ப் பாட்டையும் இருவரும் சேர்ந்து பாடினார்கள். அதற்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2010 மே 15 அன்று வெனிசுவேலாவின் காராகாஸில் நிகழ்ச்சியை முடித்த கையோடு செராத்திக்குப் பக்கவாதம் தாக்கியது. கோமாவிலிருந்து அவர் மீளவே இல்லை. ஃபுவெர்சா நாத்துராலுக்கு லத்தீன் கிராமி விருது கிடைத்தது அவருக்குத் தெரியாது. 2012ல் ஸ்பினெத்தா இறந்ததும் தெரியாது. 2014 செப்டம்பர் 4 அன்று, 55 வயதில், இறந்தார்.

அதற்குப் பிறகு வந்த பெரிய அஞ்சலிகளைப் பாருங்கள். 2017ல் சர்க் து சோலே என்ற சர்க்கஸ் நிறுவனத்தின் நிகழ்ச்சி, சோடா ஸ்டீரியோவைப் பற்றியது. 2020ல் தொடங்கிய 'கிராசியாஸ் தொதாலேஸ்' சுற்றுப்பயணம், போஸியோவும் அல்பெர்த்தியும் விருந்தினர்களோடு மேடையேற, செராத்தி திரையில். அவர்கள் இருவர்மீதும் எனக்குக் குறை இல்லை. அது அவர்களுடைய இசையும்தான், அவர்களுடைய இழப்பும்தான். ஆனால் போகனாடாவையும் ஃபுவெர்சா நாத்துராலையும் முழுதாக வாசிக்கும் அந்த அளவிலான ஒரு சுற்றுப்பயணமும் வந்தாக வேண்டும். 1997க்குப் பிறகு அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டவர்கள் போகனாடாவிலிருந்து தொடங்குங்கள், இரவில், ஹெட்போனோடு, இடையில் நிறுத்தாமல். கேட்டுவிட்டு மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பேசுவோம்.