60 நிமிட வரம்பும் ஒன்றரை நிமிடமும்

அமெரிக்க மாநிலங்கள் சமூக ஊடக நிறுவனங்கள் மீது போட்ட வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "பிள்ளைங்க கண்டதையும் பார்க்குதுங்க, அதான் கேஸ்" என்று முடித்துவிடுகிறோம். அப்படி மட்டும் போட்டிருந்தால் கேஸ் நின்றிருக்காது. யாரோ போட்ட பதிவுக்குத் தளத்தைப் பொறுப்பாக்க முடியாதபடி அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆவது பிரிவு தடுக்கிறது. ஆகவே மாநிலங்கள் பயனீட்டாளர் சட்டத்தைக் கையில் எடுத்தன. 2023 அக்டோபர் 24 அன்று 33 மாநிலங்கள் சேர்ந்து கலிபோர்னியாவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா மீது வழக்குத் தொடுத்தன. முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று: பெற்றோரிடம் சொன்னது ஒன்று, உள்ளே தெரிந்துவைத்திருந்தது வேறொன்று.

அடுத்த ஆண்டு நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ், செயலியின் சில வடிவமைப்பு அம்சங்களுக்கு 230இன் பாதுகாப்பு உண்டு என்றார். ஏமாற்றினார்கள், எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுகளோ தள்ளுபடியாகாமல் தப்பித்தன. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

டிக்டாக்கைப் பாருங்கள். பதின்ம வயதினருக்கு 60 நிமிட வரம்பு வைத்திருக்கிறோம் என்று பெருமையாக அறிவித்தார்கள். கென்டக்கி மாநிலத்தின் 2024 வழக்கு மனுப்படி, அந்த வசதி வந்தபின் சராசரிப் பயன்பாடு நாளுக்கு 108.5 நிமிடத்திலிருந்து 107க்கு இறங்கியது. ஒன்றரை நிமிடம்! இந்த எண்ணை மனுவில் கறுப்படித்து மறைத்திருந்தார்கள். மறைத்த இடத்தை காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து அப்படியே வந்துவிட்டது. உள்ளூர் வானொலிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

நம் மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கு 2025 முதல் உரிமம் கட்டாயம். இணையப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதன் கனம் தீய உள்ளடக்கத்தின் மேல்தான். சேவையின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணம் தருவதைத் தடுக்கும் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 9, 10ஆவது பிரிவுகளை உள்நாட்டு வாணிப அமைச்சு இவர்கள் பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து.

தனி ஆள் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டணம், முதலாம் பாரம், 50,000 வெள்ளி வரை கோரிக்கை, வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். "என் மகன் அடிமையாகிவிட்டான்" என்று அங்கே போனால் நிற்காது. பண நட்டத்தைக் காட்ட வேண்டும். பிள்ளை லைவில் வாங்கிய காயின், காசு கட்டியும் கிடைக்காத நீல டிக் என்றால் பேச இடமுண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர் விளம்பரத்துக்குக் கட்டிய பணம் வியாபாரச் செலவு, அவர் அங்கே பயனீட்டாளர் ஆகமாட்டார். இன்னொரு சிக்கல் எதிர்த்தரப்பு முகவரி. டிக்டாக்கின் விதிமுறைகளில் நம்மோடு ஒப்பந்தம் போடுவது சிங்கப்பூர் நிறுவனம். கோலாலம்பூர் அலுவலகத்தின் பெயரைப் போட்டால் "நாங்கள் அது இல்லை" என்று சொல்ல வழி கொடுத்ததாகிவிடும்.

அமைச்சுக்குப் புகார் எழுதுவோர் நிறுவனம் வாக்குக் கொடுத்த பக்கத்தையும், நேரப் பயன்பாட்டுப் பக்கத்தையும் தேதி தெரிய, ஓரம் வெட்டாமல் படமெடுத்துச் சேருங்கள். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.